விதானம்: ஜெஃப்ரி பாவாவின் நிறுவனத்தில் கலை பெற்ற இடம்

நவீனக் கட்டடக்கலை அலங்காரத்தைத் துறந்தது என்னும் கருத்து நம்மிடையே வேரூன்றியுள்ளது. கொழும்பின் எட்வர்ட்ஸ், ரீட் அண்ட் பெக் நிறுவனத்தின் பணிகள் அக்கருத்தை மறுபரிசீலனைக்கு உட்படுத்துகின்றன. அந்நிறுவனத்தை வழிநடத்திய ஜெஃப்ரி பாவாவும் (1919–2003) அவருடன் 1967 முதல் பங்காளராயிருந்த தமிழ்ப் பொறியாளர் கே. பூலோகசுந்தரமும் ஓவியர், சிற்பியர், துணிக்கலைஞர் ஆகியோரைக் கட்டடம் முடிந்தபின் அழைக்கவில்லை; வடிவமைப்பிலேயே அவர்களுக்கு இடம் ஒதுக்கினர்.

பெந்தோட்டைக் கடற்கரை விடுதியின் (1967–69) வரவேற்புக் கூடம் இதற்குத் தக்க சான்று. அதன் மேற்றளத்தை ஈனா டி சில்வாவின் பத்திக் துணிகள் மூடுகின்றன. மெழுகிட்டுச் சாயமேற்றிய அத்துணிகளை அகற்றினால் கூடத்தின் உயரம், ஒளி, நிறம் மூன்றும் மாறிவிடும். எனவே அவற்றை அணி எனல் பொருந்தாது. அவை கட்டட உறுப்பே. ‘விதானம்’ என்னும் சொல் முற்காலத்தில் துணியாலான மேற்கட்டியையும் இன்று உட்கூரையையும் குறிப்பதை இங்கு நினைவுகூரலாம். சொல்லில் எஞ்சிய உறவைப் பாவா கட்டடத்தில் மீட்டார். காவிரியின் இருகரையில் நெசவால் வாழும் குமாரபாளையத்திலும் பவானியிலும் துணி விரிப்பாகவும் உடையாகவும் விலைபோகிறது. அங்கு எழும் புதிய கட்டடங்களிலோ அதற்குத் திரைச்சீலை என்பதற்கு மேல் இடமில்லை.

கோட்டை நாடாளுமன்றத்தில் (1979–82) இந்த உறவு வேறு நிலையை அடைகிறது. பேரவையின் உட்கூரை உலோகத்தாலானது. ஆயினும் கூடாரத் துணிபோல் தொய்ந்து தொங்குகிறது. லக்கி சேனாநாயக்க பனையோலை வடிவில் அமைத்த வெள்ளி விளக்குக்கொத்து அதன்கீழ் ஒளிர்கிறது. கலைத்திறனில் குறையில்லை. ஆனால் பெந்தோட்டையில் தன்னியல்பாக இருந்த கலை இங்கு அரசின் மாட்சிக்குப் பணிபுரிகிறது. 1983 ஆகஸ்டில் இவ்விதானத்தின் கீழேதான் ஆறாம் திருத்தம் நிறைவேறியது. தமிழர் விடுதலைக் கூட்டணி உறுப்பினர்கள் தம் இடங்களை இழந்தனர். இதனைக் கட்டடக் கலைஞரின் பிழையாகக் கருதவியலாது. எனினும் இம்மண்டபத்தை வடிவழகால் மட்டும் மதிப்பிடும் திறனாய்வு அரைகுறையானதே.

கலைஞரைப் போற்றிய நிறுவனம் என்னும் புகழுரைக்கும் ஓர் எல்லையுண்டு. பாவாவின் பெயரை அடுத்து ஈனா, லக்கி ஆகியோர் பெயர்கள் நிலைத்தன. துணியில் மெழுகு தீட்டிய கைவினைஞர்கள் பெரும்பாலும் ‘பட்டறையினர்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றனர்.