அத்தனை நாளும் யார் சோறு ஆக்கினார்கள்?

பெங்களூரு பொம்மனஹள்ளியில் எங்கள் கீழ்வீட்டு அக்கா ஓசூர் சாலையோரக் கார்மெண்ட்ஸ் ஒன்றில் டெய்லர். ஊர் தருமபுரிப் பக்கம். வேலை முடிந்து வரும்போது சேலைத் தலைப்பில் நூல்பிசிறு ஒட்டியிருக்கும். வாசற்படியில் உட்கார்ந்து அதை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்டுவிட்டுத்தான் உள்ளே போவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை டிவியில் ‘மகளிர் மட்டும்’ ஓடியது. கத்தரிக்காய் அரிந்தபடியே கடைசிவரை பார்த்தார். படம் எப்படி என்று கேட்டேன். “நல்லாத்தாம்மா இருக்கு. ஊர்வசி சிரிக்கிறப்போ எனக்கு அழுகையே வந்துடுச்சு. ஆனா ஒண்ணு, இவங்க ஊர் சுத்துன அத்தன நாளும் வீட்ல யாரு சோறு ஆக்கியிருப்பாங்க?”

நான் படித்த விமர்சனங்கள் எதிலும் இந்தக் கேள்வி இல்லை. பெண்களின் நட்பைச் சொல்லும் பயணப் படங்கள் எப்படிப் பார்க்கப்பட்டன என்று தேடத் தொடங்கியதே அன்றைக்குத்தான்.

பிரம்மா இயக்கிய ‘மகளிர் மட்டும்’ 2017 செப்டம்பர் 15 அன்று வெளிவந்தது. 1994இல் சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கிய படத்தின் பெயரையே இதற்கும் வைத்தார்கள்; ஊர்வசி இரண்டிலும் இருக்கிறார். பள்ளி விடுதியில் ஒன்றாக இருந்து பிரிந்துபோன மூன்று தோழிகள் (ஊர்வசி, பானுப்ரியா, சரண்யா பொன்வண்ணன்) ஏறக்குறைய நாற்பது ஆண்டு கழித்துச் சந்திக்கிறார்கள். சேர்த்துவைத்து ஊர் சுற்ற அழைத்துப் போகிறவள், ஒரு தோழியின் வருங்கால மருமகள். புல்லட் ஓட்டும் அந்தப் பெண்ணாக ஜோதிகா. விமர்சனங்கள் நடிப்பைக் கொண்டாடின. வசனத்தில் உபதேசம் தூக்கல், ஆண்கள் எளிதில் திருந்திவிடுகிறார்கள் என்று குறையும் சொன்னன. அந்தக் குறையில் நியாயம் உண்டு.

ஆனால் அந்தத் தோழிகள் பிரிந்த காரணத்தை விமர்சகர்கள் போதிய அளவு கவனிக்கவில்லை. விடுதிச் சுவர் தாண்டிச் சினிமா பார்க்கப் போனதுதான் அவர்கள் செய்த குற்றம். பார்த்த படம் ருத்ரய்யாவின் ‘அவள் அப்படித்தான்’, 1978. ஸ்ரீப்ரியா நடித்த மஞ்சுவைப் பார்க்கப் போன பெண்களுக்குப் படிப்பே போயிற்று. சினிமா பார்ப்பதற்கு ஒரு பெண் எவ்வளவு விலை கொடுக்க வேண்டியிருக்கும் என்பதைப் படம் கதைக்குள்ளேயே எழுதிவைத்திருக்கிறது. பெண் பார்வையாளரைப் பற்றித் தமிழில் வந்த ஆய்வுக் குறிப்புகளில் ஒன்றாகவே இதை நான் எண்ணுகிறேன்.

ஏட்டில் எழுதப்பட்ட ஆய்வுகளோ வேறு பக்கம் பார்க்கின்றன. எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992இல் எம்.ஜி.ஆர். என்னும் பிம்பத்தை ஆராய்ந்தார். அதில் பெண்கள் வருகிறார்கள், ரசிகைகளாகவும் வாக்காளர்களாகவும். சாரா டிக்கி மதுரையின் ஏழை எளியவர்களிடையே தங்கி எழுதிய நூல் 1993இல் வந்தது, அருமையான களப்பணி. இவற்றுக்குப் பின்னும் தமிழ்ப் பார்வையாளர் என்றாலே கட்-அவுட்டும் பாலாபிஷேகமும் மன்றக் கொடியும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. அந்த மன்றங்கள் ஆண்களுடையவை. அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்துப் பாதிப் படம் பார்க்கிறவள் அந்தக் கணக்கில் வரமாட்டாள்.

பெண்களின் நட்பைச் சொல்லும் பயணப் படங்களுக்கு உலக அளவில் முன்னோடி 1991இல் ரிட்லி ஸ்காட் எடுத்த ‘தெல்மா அண்ட் லூயிஸ்’. எழுதியவர் கேலி கூரி. திரைக்கதைக்கு ஆஸ்கர் பெற்றார். வன்புணர வந்தவனைத் தோழி சுட்டுவிட, இரு பெண்களும் காரில் ஓடுகிறார்கள். படத்தைப் பற்றி அமெரிக்காவில் பெரும் சண்டையே நடந்தது. ஆண்களை வெறுக்கும் படம் என்று ஒரு சாரார் எழுதினார்கள். அரங்கிலோ, வழியில் ஆபாசமாகச் சீண்டிய லாரிக்காரனின் டேங்கர் வெடிக்கும்போது பெண்கள் கைதட்டினார்கள். ‘டைம்’ இதழ் அட்டைப்படக் கட்டுரையே போட்டது. கார் பள்ளத்தாக்கில் பாயும் முடிவு சாவா விடுதலையா என்ற வாதம் இன்றும் ஓயவில்லை.

எனக்கு அந்த முடிவைவிடத் தொடக்கமே பெரிது. இரண்டு நாள் தோழியோடு போய்வருகிறேன் என்று கணவனிடம் கேட்கத் தெல்மாவுக்குத் துணிவு வரவில்லை. சீட்டு எழுதி வைக்கிறாள். சூடாக்கிச் சாப்பிட ஏதோ வைத்துவிட்டும் கிளம்புகிறாள். கீழ்வீட்டு அக்காவின் கேள்விக்கு அமெரிக்கப் படம் முதல் சில நிமிடங்களிலேயே பதில் சொல்லிவிட்டது. துப்பாக்கியைப் பற்றி அவ்வளவு எழுதியவர்கள் இந்தச் சாப்பாட்டை விட்டுவிட்டார்கள்.

மலையாளத்தில் ஆஷிக் அபுவின் ‘ராணி பத்மினி’ 2015இல் வந்தது. கணவனைத் தேடி இமயமலைப் பக்கம் போகும் பத்மினியாக மஞ்சு வாரியர். துரத்துகிறவர்களிடமிருந்து தப்பி ஓடும் ராணியாக ரீமா கல்லிங்கல். கதை மெலிந்தது என்பது என் கருத்தும்தான். இதில் கவனிக்க வேண்டியது வேறொன்று. மஞ்சு வாரியர் நீண்ட இடைவெளிக்குப் பின் நடிக்க வந்தது 2014இல் ‘ஹவ் ஓல்ட் ஆர் யூ’ படத்தில். அதன் தமிழ் வடிவமான ‘36 வயதினிலே’ மூலம் 2015இல் ஜோதிகா திரும்பி வந்தார். இருவருமே அடுத்த ஓரிரு ஆண்டுகளில் பயணப் படத்துக்கு வந்து சேர்கிறார்கள். கல்யாணத்துக்குப் பின் காணாமல்போன நடிகை மறுபடி வெளியே வருவதையும், பாத்திரம் வீட்டைவிட்டுக் கிளம்புவதையும் பெண்கள் ஒன்றாகவே பார்த்தார்கள். “கல்யாணமாகி இத்தனை வருஷம் கழிச்சும் வந்துட்டா பாரு” என்று அக்கா சொன்னது ஜோதிகாவையா அவர் ஏற்ற பாத்திரத்தையா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. இந்தியில் 2023இல் வந்த ‘தக் தக்’ நான்கு பெண்களைப் பைக்கில் கர்துங்லா கணவாய்க்கு ஏற்றியது. அவர்களில் மூத்தவராக ரத்னா பாடக் ஷா. அவர் வயதுப் பெண்ணை வண்டியில் ஏற்ற இங்கே யாருக்கும் தோன்றவில்லையே என்பது என் ஆதங்கம்.

மறுபடி பொம்மனஹள்ளிக்கு வருகிறேன். இங்குள்ள பெண்களுக்குச் சாலை புதிதல்ல. 2016 ஏப்ரல் 18 அன்று, பி.எஃப். பணத்தில் முதலாளி பங்கை 58 வயதுவரை எடுக்க முடியாது என்ற விதியை எதிர்த்து, இந்தப் பகுதியின் கார்மெண்ட்ஸ் பெண்கள் வேலையைப் போட்டுவிட்டு ஓசூர் சாலையில் இறங்கினார்கள். ஆயிரக்கணக்கில் திரண்டார்கள். மறுநாளே மத்திய அரசு விதியைத் திரும்பப் பெற்றது. பெரிய சங்கம் எதுவும் முன்னின்று அழைத்த போராட்டமில்லை அது. பக்கத்து மெஷின்காரியின் பேச்சை நம்பி எழுந்து வந்தவர்கள் ஏராளம். பெண்களின் நட்புக்கு இதைவிடப் பெரிய சாட்சி எந்தப் படத்திலும் நான் பார்த்ததில்லை.

மார்கழி தை மாதங்களில் இந்தப் பெண்களுக்கு இன்னொரு பயணம் உண்டு. சிவப்புச் சேலை கட்டி, இருமுடி சுமந்து, மேல்மருவத்தூருக்குப் பஸ் பஸ்ஸாகக் கிளம்புவார்கள். ‘ஓம் சக்திக்குப் போறோம்’ என்றால் வீட்டில் மறுக்க மாட்டார்கள். 2023 ஜூனில் கர்நாடக அரசு சக்தி திட்டத்தில் பெண்களுக்கு இலவசப் பஸ் விட்ட பிறகு, கர்நாடகக் கோயில்களுக்கும் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். டிக்கெட் காசு கேட்க வேண்டாம் என்பதே ஒரு அனுமதிதான். அக்காவிடம் கேட்டேன்: நீங்கள் மருவத்தூர் போகும்போது யார் சோறு ஆக்குவார்கள்? “புளிக்கொழம்பு வச்சிட்டுப் போவேன், ரெண்டு நாளைக்குத் தாங்கும். சோத்த மட்டும் அவங்களே வடிச்சிக்குவாங்க.”

பயணப் படம் எடுக்கிறவர்கள் அந்தப் புளிக்குழம்புச் சட்டியில் தொடங்கினால் பெண்கள் இன்னும் நம்பிப் பார்ப்பார்கள் என்பது என் முடிவு.

பெண் பார்வையாளர்களிடமே கேட்டு எழுதியவர்களும் உண்டு. இங்கிலாந்தில் ஜாக்கி ஸ்டேசி, 1940களிலும் 50களிலும் ஹாலிவுட் நடிகைகளைப் பார்த்து வளர்ந்த பெண்களிடம் கடிதமும் விடைத்தாளும் வாங்கி, 1994இல் ஒரு நூலே எழுதினார். தமிழிலும் செய்யலாம், பெரிய நிதி வேண்டாம். உங்கள் அம்மாவிடமும் அத்தையிடமும் பக்கத்து வீட்டு அக்காவிடமும், எந்தப் படத்தை யாரோடு போய்ப் பார்த்தீர்கள், வீட்டில் என்ன சொல்லிவிட்டுப் போனீர்கள் என்று கேளுங்கள். அவர்கள் பேச்சிலேயே எழுதிவையுங்கள். ‘அவள் அப்படித்தான்’ வந்தபோது பதினைந்து வயதிலிருந்தவர்களுக்கு இப்போது அறுபது தாண்டிவிட்டது.