சிங்கப்பூர் டெஸ்ட்டின் செலவுக் கணக்கு

கட்டட வேலைக்குத் திறமையான ஆள் கிடைப்பதில்லை என்ற பேச்சு எழும்போதெல்லாம் நம்மூர்ப் பொறியாளர்களும் ஒப்பந்தக்காரர்களும் சிங்கப்பூரைக் கைகாட்டுகிறார்கள். அங்கே தொழில்திறன் டெஸ்ட்டில் தேறாமல் ஆள் உள்ளே வர முடியாது, இங்கேயும் அதையே கொண்டுவந்தால் என்ன என்பது அவர்கள் கேள்வி.

சிங்கப்பூரின் திட்டமிடலில் மெச்ச வேண்டியவை உண்டு. ஆண்டு தொடங்கும்போதே எவ்வளவு பணி வரும் என்ற மதிப்பீட்டைக் கட்டட, கட்டுமான ஆணையம் வெளியிட்டுவிடுகிறது. 2024 ஜனவரி முதல் அடிப்படைத் திறனுள்ள இந்தியத் தொழிலாளிக்கு நிறுவனம் அரசுக்கு மாதம் 900 வெள்ளி லெவி, அதாவது வெளிநாட்டு ஆளை வைத்திருப்பதற்கான தீர்வை, கட்டுகிறது. உயர்திறன் பெற்றவருக்கு 500 வெள்ளி. ஒர்க் பெர்மிட்டில் இருப்பவர்களில் பத்தில் ஒருவராவது உயர்திறன் பெற்றிருக்க வேண்டும் என்றும் விதி இருக்கிறது. திறனுக்கு இப்படி விலை வைக்கும் ஏற்பாடு நம்மிடம் இல்லை.

ஆனால் அந்தத் திறனை உண்டாக்கும் செலவு யார் தலையில் விழுகிறது? இந்த ஏற்பாட்டின் மேல் எனக்கு நெடுநாளாக உள்ள மறுப்பு இதுதான். புதுக்கோட்டையிலோ சிவகங்கையிலோ ‘டெஸ்ட் அடிக்க’ப் போகும் இளைஞனின் வீட்டில் கேட்டால் தெரியும். பயிற்சி மையத்துக்கும் ஏஜெண்டுக்கும் கொடுப்பது லட்சங்களில் போகிறது. அம்மாவின் நகை அடகுக்குப் போகிறது, மீதி வட்டிக்கு வாங்கப்படுகிறது. ஏஜெண்ட் ஆண்டுக்கு ஒரு மாதச் சம்பளம், மொத்தத்தில் இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்று சிங்கப்பூரில் சட்டம் இருக்கிறது. அது அந்நாட்டு ஏஜெண்டுகளை மட்டுமே கட்டுப்படுத்தும். பணம் கைமாறுவதோ பெரும்பாலும் இந்தக் கரையில்.

செலவைத் தொழிலாளி சுமப்பதால் திட்டமிடலே பழுதாகிறது. டைல்ஸ் ஒட்டத் தேறியவன் அங்கே போய் இடிபாடு அள்ளுகிறான். கம்பி கட்டத் தேறியவன் சாமான் தூக்குகிறான். போய் வந்தவர்களிடம் திரும்பத் திரும்பக் கேட்கக் கிடைக்கும் கதை இது. கற்ற வேலை வீணாவதால் கம்பெனிக்கு ஒரு வெள்ளிகூட நட்டமில்லை, ஏனென்றால் அதற்கு அது காசு கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் எத்தனை டைல்ஸ்காரர் தேவை என்று எண்ணிப் பார்த்துத்தான் எடுத்திருக்கும். சான்றிதழ் பெர்மிட் வாங்கும் சீட்டாகிவிட்டது.

பின்னால் அவன் உயர்திறன் நிலைக்கு ஏறினாலும் மாதம் 400 வெள்ளி லெவி மிச்சமாவது கம்பெனிக்குத்தான். அந்த நிலைக்கு ஏறும் வழிகளில் மாதம் 1,600 வெள்ளி சம்பளம் தர வேண்டும் என்று கேட்பவை உண்டு. எல்லா வழிகளும் அதைக் கேட்பதில்லை. குறைந்தபட்சக் கூலிச் சட்டமும் அங்கே இல்லை. புதிதாகப் போகும் பலருடைய அடிப்படைச் சம்பளத்தைவிட அவர்களுக்காகக் கட்டப்படும் லெவி அதிகம். அந்த உழைப்புக்கு அவ்வளவு விலை தர முடிகிறது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம். அந்த விலை உழைப்பவன் கைக்குத்தான் போவதில்லை.

இரண்டு வருடத்தில் கடனை அடைத்துவிடுகிறானே என்பார்கள். அந்த இரண்டு வருடம் அவன் எப்படி இருக்கிறான் என்று அவர்கள் கேட்பதில்லை. பெர்மிட் முடியும் தறுவாய் வரும்வரை முதலாளி சம்மதிக்காமல் வேறு கம்பெனிக்கு மாற முடியாது. ஓவர்டைம் குறைந்தாலும் முதுகில் அடிபட்டாலும், வாய் திறந்தால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள், வட்டி மட்டும் நிற்காது என்ற பயத்திலேயே வேலை செய்கிறான். பயந்து நிற்பவன் சாரம் ஆடுகிறது என்று சூப்பர்வைசரிடம் சொல்ல மாட்டான்.

லெவியைத் தொழிலாளியின் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது என்று சிங்கப்பூர்ச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. டெஸ்ட்டுக்கும் பயிற்சிக்கும் ஆகும் செலவையும் அதே விதியில் சேர்க்கலாம். ஆளை எடுக்கும் கம்பெனி முன்பணமாகக் கட்டட்டும். முடியாத சிறு கம்பெனிகளுக்கு வசூலாகும் லெவியிலிருந்து அரசு கொடுக்கட்டும். அந்த மாதிரியை இங்கே கொண்டுவரச் சொல்பவர்கள் முதலில் இந்த விதியைக் கேட்கட்டும்.