9.8 என்னும் மயக்கம்

2014 ஆகஸ்டில் ஈபே தளத்தில் ஒரு காமிக்ஸ் ஏலத்துக்கு வந்தது. 1938இல் 10 சென்ட் விலைக்கு வெளிவந்த 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழ். சூப்பர்மேன் முதன்முதலாகத் தலைகாட்டியது அதில்தான். ஏலம் முடிந்தபோது விலை 32,07,852 டாலர். இவ்வளவு பணம் கொடுத்து வாங்கும் பொருளின் தாளைத் தொட்டுப் பார்க்க ஏலம் கேட்டவர்களுக்கு வழியில்லை. இதழ் கெட்டியான பிளாஸ்டிக் உறைக்குள் முத்திரையிடப்பட்டிருந்தது. உறையின் தலைப்பில் 9.0 என்ற எண்ணும், உள்தாள்கள் வெள்ளையாக இருக்கின்றன என்ற குறிப்பும் இருந்தன. அந்த இரண்டு தகவல்களை நம்பித்தான் அத்தனை பணமும் கைமாறியது.

அமெரிக்காவில் பழைய காமிக்ஸ் சேகரிப்பவர்கள் இந்த உறையை ஸ்லாப் என்கிறார்கள். இதழைச் சோதித்து 0.5 முதல் 10 வரை மதிப்பெண் போட்டு உறையிட்டுத் தருவது கிரேடிங். 2000ஆம் ஆண்டில் தொடங்கிய சி.ஜி.சி. நிறுவனம் இதில் முன்னோடி. இன்றும் சந்தையின் பெரும்பங்கு அதன் கையில்தான். இணையத்தில் முதன்முதலாகச் சேகரிப்பு இதழ் வாங்கப் போகிறவருக்கு அனுபவசாலிகள் சொல்லும் முதல் புத்திமதியும் இதுதான்: "ஸ்லாப் போட்டதாகப் பார்த்து வாங்கு, ஏமாற மாட்டாய்." இதில் பாதி சரி. மீதிப் பாதி புதியவர்களை வேறொரு குழியில் தள்ளிக்கொண்டிருக்கிறது.

முதலில் சரியான பாதி. கிரேடிங் வருவதற்கு முன் தபாலில் காமிக்ஸ் வாங்குவது விற்பவரின் வாய்ச்சொல்லை வாங்குவதுதான். ராபர்ட் ஓவர்ஸ்ட்ரீட்டின் விலைக் கையேடு 1970 முதல் வந்துகொண்டிருந்தது. 'குட்', 'ஃபைன்', 'மின்ட்' என்று நிலைகளுக்குப் பெயர்களும் இருந்தன. ஆனால் ஒரு குறிப்பிட்ட இதழ் எந்த நிலையில் இருக்கிறது என்று தீர்மானித்தவர் வியாபாரி. வாங்கும்போது உதட்டைப் பிதுக்கி 'குட்' என்றவர், விற்கும்போது அதையே 'ஃபைன்' என்பார். தட்டிக் கேட்கப் பொது அளவுகோல் கிடையாது. வாங்கலிலும் விற்றலிலும் பங்கில்லாத மூன்றாமவர் ஒருவர் எண் போட்டதும் இந்த விளையாட்டு பெருமளவு அடங்கியது.

அதைவிடப் பெரிய நன்மை, ஒப்பனையைக் கண்டுபிடிப்பது. பழைய இதழின் அட்டையில் மை உரிந்த இடத்தில் வண்ணம் தீட்டுவார்கள்; கிழிசலைப் பசையால் சேர்ப்பார்கள்; பிய்ந்துபோன மூலைக்கு வேறு தாளை ஒட்டுவார்கள்; நைந்த ஓரத்தை மயிரிழை அளவு சீவிக் கூராக்குவார்கள். திறமைசாலி செய்த வேலை என்றால் கைபேசிப் படத்தில் தெரியவே தெரியாது. சில வேலைகள் நேரில் பார்த்தாலும் தெரியாது. இப்படிச் சீரமைத்த இதழுக்கு சி.ஜி.சி. ஊதா நிறச் சீட்டு வைக்கிறது. சாதாரண இதழுக்கு நீலம். ஊதாச் சீட்டு விழுந்தால் விலை படுத்துவிடும். புதியவர்கள் செய்யும் பழைய பிழை, எண்ணை மட்டும் பார்த்துச் சீட்டின் நிறத்தைப் பார்க்காமல் விடுவது. "9.0 இதழ் இவ்வளவு மலிவா!" என்று பாய்ந்து வாங்கியவருக்கு, மலிவின் காரணம் விற்பனைப் பக்கத்துப் படத்திலேயே ஊதா நிறத்தில் இருந்திருக்கும்.

பச்சை நிறச் சீட்டும் உண்டு. இதழ் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் குறிப்பிட்டுச் சொல்ல வேண்டிய ஒரு பெரிய குறை இருக்கிறது என்று அதற்குப் பொருள். இதற்குச் சரியான உதாரணம் 1974இல் வந்த 'இன்கிரெடிபிள் ஹல்க்' 181ஆம் இதழ். வுல்வரின் முழுமையாகத் தோன்றிய முதல் இதழ் என்பதால் சேகரிப்பாளர்கள் எல்லோரும் தேடுவது. அந்த ஆண்டுகளில் மார்வல் நிறுவனம் தன் இதழ்களின் வாசகர் கடிதப் பக்கத்தில் சிறு முத்திரைப் படம் ஒன்றை அச்சிட்டு, வெட்டி எடுத்து ஆல்பத்தில் ஒட்டச் சொன்னது. பிள்ளைகள் சொன்னபடி கேட்டார்கள், கத்தரிக்கோலை எடுத்தார்கள். வுல்வரின் பின்னாளில் இவ்வளவு பெரிய நட்சத்திரம் ஆவான் என்று அன்று யாருக்குத் தெரியும்? இன்று முன்னட்டை பளபளக்கும் பிரதி ஒன்றுக்குள் உள்பக்கத்தில் தபால்தலை அளவுக்கு ஒரு சதுர ஓட்டை இருக்கலாம். அதனால் விலை பாதாளத்துக்குப் போகும். அட்டைப்படத்தை மட்டும் போட்டு விற்கிறவரிடம் இந்த இதழை உறையில்லாமல் வாங்குவது சூதாட்டம். முத்திரை இருக்கும் பக்கத்தின் படத்தைக் கேட்காமல் பேச்சையே தொடங்கக் கூடாது.

மறுபதிப்பை மூலமென்று நினைத்து வாங்குவதும் உண்டு. 1974இல் டிசி நிறுவனம் 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழைப் பெரிய அளவில் அப்படியே மறுபதிப்பித்தது. விளம்பரங்கள்கூட 1938இல் இருந்தபடியே. மேலே இன்னொரு கெட்டி அட்டையில் மட்டும் மறுபதிப்பு என்ற அடையாளம் இருந்தது. அந்த மேலட்டையைக் கழற்றிவிட்டால் உள்ளே இருப்பது அசல் போலவே தெரியும், அளவைத் தவிர. அசலைவிட அது கையகலம் பெரியது. கணினித் திரையில் எல்லாமே ஒரே அளவுதான் என்பதால், பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படம் கேட்பதைத் தவிர வேறு வழியில்லை.

இத்தனை ஆபத்துகளுக்கும் ஸ்லாப் நல்ல மருந்து. பழைய, விலை கூடிய இதழுக்கு அதற்காகக் கொடுக்கும் கூடுதல் பணம் வீணல்ல என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் எண்ணுக்கு இரண்டு விஷயங்கள் தெரியாது: இதழ் அரிதா என்பதும், அதற்கு என்ன விலை நியாயம் என்பதும். புதியவர்கள் அதனிடம் இந்த இரண்டையும்தான் கேட்கிறார்கள்.

'எக்ஸ்மென்' முதல் இதழ் 1991இல் ஐந்து அட்டை வடிவங்களில் வந்து 80 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்பனையானது. அடுத்த ஆண்டு சூப்பர்மேன் இறந்துபோகும் 75ஆம் இதழ் கறுப்புப் பையில் போட்டு ஒட்டப்பட்டு வந்தது. பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பும் முதலீடு என்று நம்பி அடுக்கடுக்காக வாங்கி வைத்தவர்கள் ஏராளம். எல்லோரும் பத்திரப்படுத்தினால் எதுவும் அரிதாகாது. 1930களின் இதழ்கள் அரிதானது, அவற்றைப் படித்துவிட்டுத் தூக்கிப் போட்டார்கள் என்பதால். போர்க்காலத்தில் பழைய தாள் சேகரிப்புக்குக் கொடுத்தார்கள் என்பதால். ஊதிய பலூன் வெடித்து 1996இல் மார்வல் நிறுவனமே திவால் மனு கொடுத்தது. அன்று பையைப் பிரிக்காமல் வைத்த இதழ்களே இன்று 9.8 மதிப்பெண்ணோடு ஸ்லாபுக்குள் உட்கார்ந்து சந்தைக்கு வருகின்றன. பலவற்றின் விலை கிரேடிங் கட்டணத்தையும் தபால் செலவையும் தாண்டுவதில்லை. புதியவர் அந்த எண்ணைப் பார்த்து அசந்துபோகிறார்.

'9.8இல் இதுவரை சில பிரதிகளே உள்ளன' என்ற விற்பனை வாசகமும் இதே வகைதான். நிறுவனம் எத்தனை பிரதிகளுக்கு மதிப்பெண் போட்டது என்ற கணக்கை எவரும் இணையத்தில் பார்க்கலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் கிரேடிங்குக்கு வந்தவை மட்டுமே அந்தக் கணக்கில் ஏறும். எண்ணிக்கை குறைவு என்றால் இதழ் அரிது என்று இருக்கலாம். காசு செலவழித்து அனுப்ப யாருக்கும் மனம் வரவில்லை என்றும் இருக்கலாம். இரண்டாவதுதான் பெரும்பாலும் உண்மை. உறையை உடைத்து மறுபடி அனுப்பப்பட்ட பிரதி, பழைய சீட்டு திருப்பித் தரப்படாவிட்டால், இரண்டாகவே எண்ணப்படும் என்பது வேறு.

ஏன் உடைத்து அனுப்புகிறார்கள்? மதிப்பெண் மனிதர் போடுவது, ஆளுக்கு ஆள் மாறும் என்பதால். போன முறை 9.6 வந்தது இந்த முறை 9.8 வரலாம். இடையில் சூடும் அழுத்தமும் கொடுத்து மடிப்புத் தடங்களை நீக்கும் பிரஸ்ஸிங் வேலையும் நடக்கும். வண்ணம் தீட்டுவது ஒப்பனை என்று ஊதாச் சீட்டு வாங்குகிறது. அழுத்தித் தேய்த்து நிமிர்த்துவது ஒப்பனைக் கணக்கில் சேர்வதில்லை. இந்தக் கோடு எங்கே போடப்பட்டது என்பதைவிட யார் போட்டார் என்பதைக் கவனிக்க வேண்டும். பிரஸ்ஸிங் செய்யும் நிறுவனமும் மதிப்பெண் போடும் சி.ஜி.சி.யும் ஒரே குடையின் கீழ் இருப்பவை. அந்தக் குடையின் பெரும்பங்கை 2021இல் பிளாக்ஸ்டோன் முதலீட்டு நிறுவனம் வாங்கியது. விலை கூடிய இதழ்களுக்கு கிரேடிங் கட்டணமும் கூடுகிறது. உச்சப் பிரிவில் சந்தை மதிப்பின் சதவீதமாகவே கணக்கிடப்படுகிறது. மதிப்பெண் கூடினால் விலை கூடும், விலை கூடினால் கட்டணம் கூடும். இதனால் தவறு நடக்கிறது என்று நான் சொல்லவில்லை. வாங்கலிலும் விற்றலிலும் பங்கில்லாத மூன்றாமவர் என்ற சொல்லை இனி சற்று மெதுவாகத்தான் உச்சரிக்க வேண்டியிருக்கிறது.

உறையின் மீதான நம்பிக்கையும் 2023 இறுதியில் ஆட்டம் கண்டது. உயர்ந்த மதிப்பெண் பெற்ற இதழை உறையிலிருந்து எடுத்துவிட்டுத் தாழ்ந்த பிரதியை அதே சீட்டோடு வைத்துச் சிலவற்றை விற்றிருக்கிறார்கள் என்று சேகரிப்பாளர்களே கண்டுபிடித்தார்கள். பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் வைத்து, அட்டையின் அச்சு விலகலையும் முதுகுப்புறக் கீறல்களையும் ஒப்பிட்டுப் பிடித்த குட்டு அது. நிறுவனமும் ஒப்புக்கொண்டு சந்தேகத்துக்குரிய சான்று எண்களை வெளியிட வேண்டி வந்தது. ஆகவே ஸ்லாப் வாங்கும்போதும் வேலை பாக்கி இருக்கிறது. சான்று எண்ணை நிறுவனத்தின் தளத்தில் சரிபார்க்க வேண்டும். உறையின் ஓரங்களில் நெம்பிய தடம் உண்டா என்று பார்க்க வேண்டும். 9.8 என்று எழுதியிருக்கும் இதழின் முதுகில் வெள்ளைக் கோடுகள் கண்ணில் பட்டால் நம்ப வேண்டியது கண்ணைத்தான்.

விலை பற்றிய பிழை ஒன்றே ஒன்று, ஆனால் அதுதான் அதிகம் நடக்கிறது. விற்பவர் கேட்கும் விலையைச் சந்தை விலை என்று எடுத்துக்கொள்வது. ஈபேயில் யாரும் எதையும் எந்த விலைக்கும் பட்டியலிடலாம். விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டும் வசதி அங்கேயே இருக்கிறது. அதே இதழ், அதே மதிப்பெண், அண்மை மாதங்கள் என்று பார்த்தால் நிலவரம் தெரிந்துவிடும். திரைப்பட அறிவிப்பு வந்த வாரத்தில் வாங்காமல் இருப்பதும் இதில் சேரும். 1976இல் வந்த 'இட்டர்னல்ஸ்' முதல் இதழ் படத்தை எதிர்பார்த்து ஏறியது, 2021இல் படம் வந்தபின் இறங்கியது.

இதெல்லாம் அமெரிக்கக் கதை. நம் ஊர்ப் பழைய காமிக்ஸ்களுக்கு கிரேடிங் கிடையாது, விலைக் கையேடும் கிடையாது. 1972இல் சிவகாசியிலிருந்து 'இரும்புக்கை மாயாவி'யோடு தொடங்கிய முத்து காமிக்ஸ், 1984இல் வந்த லயன், ராணி இதழ்களின் பழைய பிரதிகள் முகநூலிலும் வாட்ஸப் குழுக்களிலும் கைமாறுகின்றன. அமெரிக்க அளவுகோலை இங்கே வைத்தால் பாதிக்கு மேல் ஊதாச் சீட்டுதான். காரணம் மோசடியல்ல, அன்பு. வாசகர்கள் இதழ்களைச் சேர்த்து பைண்டிங் செய்தார்கள். பைண்டர் மூன்று பக்கமும் வெட்டிச் சீராக்கினார். வாடகை நூலகங்கள் முதல் பக்கத்தில் முத்திரை குத்தின. அந்த முத்திரையைக் குறை என்று சொல்ல எனக்கு மனம் வராது. விலையைக் குறைக்க அதைக் காட்டுகிறவரோடு சண்டைக்கும் போக மாட்டேன்.

தமிழுக்கும் ஒரு கிரேடிங் நிறுவனம் வேண்டும் என்று சேகரிப்பாளர்கள் சிலர் ஆசைப்படலாம். எனக்கு அதில் ஆர்வமில்லை. பெரும்பாலான இதழ்களின் விலை அந்தச் செலவைத் தாங்காது. தாங்கினாலும், மாயாவியைத் தேடி வாங்குகிறவர் அன்றிரவே அதைப் படிக்கத்தான் வாங்குகிறார். ஸ்லாபை உடைக்காமல் படிக்க முடியாது. இங்கே நடக்கும் ஏமாற்று சிறியது, தடுக்கவும் எளிது. பலமுறை மறுபதிப்பான கதையை முதல் பதிப்பு என்பார்கள். நகலெடுத்த அட்டையை ஒட்டி முழுப் பிரதி என்பார்கள். நடுவில் நாலு பக்கம் இல்லாததைச் சொல்லாமல் விடுவார்கள். பதிப்பு விவரம் அச்சான பக்கம், பின்கள் தெரியும் நடுப்பக்கம், கடைசிப் பக்கம், அட்டையின் உள்புறம் ஆகியவற்றைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். இரண்டு நிமிட வேலை. அதற்கே சாக்குச் சொல்கிறவரிடம் விலை பேச என்ன இருக்கிறது?