கவிமணியின் மொழியாக்கங்களில் உயிரும் உடலும்

கன்னியாகுமரி மாவட்டம் தேரூரில் 1876-இல் பிறந்த கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை, இளமையில் சாந்தலிங்கத் தம்பிரானிடம் தமிழ் பயின்றவர். சைவச் சூழலில் வளர்ந்த அவர் மொழிபெயர்க்க எடுத்துக்கொண்ட இரு பெரு நூல்களும் சைவத்தின் உயிர்க்கொள்கைக்கு மாறானவை என்பது வியப்புக்குரியது. உயிர் என்றும் உள்ளது, வினைக்கேற்ப உடல் எடுக்கிறது என்பது சைவ சித்தாந்தம். எட்வின் ஆர்னால்டின் புத்த காவியத்தைத் தழுவியது 'ஆசிய ஜோதி'. பௌத்தமோ நிலையான ஆன்மா ஒன்றை ஏற்பதில்லை. பிட்ஜெரால்டின் ஆங்கிலம் வழியாக வந்த 'உமர்கய்யாம் பாடல்கள்' மறுமையையே ஐயுறுகிறது.

இரண்டையும் பள்ளிப் பாடநூல்கள் எளிமைக்கும் கருணைக்கும் எடுத்துக்காட்டாகவே அறிமுகம் செய்துவந்துள்ளன. அவற்றிலுள்ள சிந்தனை பெரும்பாலும் பேசப்படுவதில்லை.

பிம்பிசாரனின் வேள்விச்சாலையில் ஆட்டைக் காக்க புத்தர் பேசும் இடத்தைப் பார்க்கலாம். எவராலும் பறிக்கத்தக்கது, எவராலும் தர இயலாதது என்று ஆர்னால்டு சொல்வது 'வாழ்வு' என்னும் ஒரே பொருளை. கவிமணி அதை இரண்டாக்குகிறார்: பறிக்கப்படுவது உயிர், விழுந்தபின் எழுப்ப முடியாதது உடல். தமிழ்க் காதுக்கு இது இயல்பாகவே ஒலிக்கிறது. ஆனால் உயிர் வேறு, உடல் வேறு என்ற பிரிவை பௌத்தர் எளிதில் ஒப்பார். ஐங்கந்தங்களின் சேர்க்கையே மனிதன் என்பது அவர்கள் கொள்கை. கவிமணி வாதம் செய்யவில்லை. மொழி தன் பழக்கப்படி பிரித்துவிட்டது.

உமர்கய்யாமில் எழுதிச் செல்லும் விரலைப் பற்றிய பாடலிலும் இதுவே நிகழ்கிறது. ஆங்கிலத்தில் அது யாருடைய விரல் என்ற குறிப்பு இல்லை. தமிழில் 'விதி' என்ற சொல் சேர்கிறது. அச்சொல்லோடு தலையெழுத்து, முன்வினை, முற்பிறவி எல்லாம் படிப்பவர் மனத்தில் தாமே வந்துவிடும். பாரசீகக் கவிஞர் மறுபிறவியைப் பாடவில்லை.

எனினும், மகனை இழந்த தாய் கடுகு தேடி வீடு வீடாக அலையும் பகுதியில் கவிமணி மூலத்தை விட்டு விலகவில்லை. துட்டி வீட்டில் சொல்லும் ஆறுதல் எதுவும் அங்கே இல்லை. குழந்தை வேறோர் உலகில் நலமாக இருக்கிறது என்று புத்தர் சொல்வதில்லை. சாவு நுழையாத வீடு இல்லை என்பதை அவள் தானே கண்டறிய விடுகிறார். சைவர் ஒருவருக்கு இந்த இடத்தில் ஓரிரு வரி சேர்க்கும் ஆசை எழுந்திருந்தால் அது இயல்பே. சேர்க்காமல் விட்டது அவருடைய நேர்மை.

இன்னும் துணிவானது, மரநிழலில் நூலும் மதுவும் காதலியும் அமையும் பாடல். கவிமணி அதில் ரொட்டியை விட்டுவிட்டார், தென்றலைச் சேர்த்தார், பெயர் சொல்லப்படாத கவிதை நூலைக் கம்பனாக்கினார். இம்மாற்றங்களைப் பலரும் பாராட்டியுள்ளனர். முடிவில் செய்த மாற்றம்தான் அவற்றினும் பெரிது. இக்காடே சொர்க்கத்துக்கு ஈடாகப் போதும் என்ற அளவில் பிட்ஜெரால்டு நிற்கிறார். அதில் வேறொரு சொர்க்கத்துக்கும் இடமுண்டு. கவிமணியோ, இதையன்றி வேறு சொர்க்கம் ஏது என்று கேட்டுவிடுகிறார். ஐயத்தை மூலத்தைவிட ஒருபடி மேலே கொண்டுசென்றவர், அதே பாடலில் தெய்வப் பாட்டுகளுக்கும் இடம் வைத்திருக்கிறார்.