முறையீடும் குறைதீர்ப்பும்: 1852ஆம் ஆண்டுச் சென்னை விண்ணப்பமும் புறநானூற்றின் இரு வரிப்பாடல்களும்

ஆய்வுச் சுருக்கம்

சென்னை சுதேசி சங்கம் 1852ஆம் ஆண்டு பிரித்தானிய நாடாளுமன்றத்திற்கு அனுப்பிய விண்ணப்பம், தென்னிந்தியக் குடிமக்கள் சட்டமியற்றுவோரிடம் சமூக, பொருளாதாரக் கொள்கை மாற்றம் வேண்டிய தொடக்ககால முயற்சிகளுள் முதன்மையானது. அவ்விண்ணப்பத்தையும் அதன் பின்விளைவாகக் கருதப்படும் சித்திரவதை விசாரணைக் குழுவின் 1855ஆம் ஆண்டு அறிக்கையையும் புறநானூற்றின் 35, 184ஆம் பாடல்களோடு இணைத்து இக்கட்டுரை நோக்குகிறது. ஆட்சிமுறையை மாற்றுமாறு வேண்டும் குரல், அதிகாரத்தின் செவியில் தனிப்பட்ட குறையாகச் சுருங்கும் போக்கு இக்கட்டுரையில் திறனாயப்படுகிறது.

குறிச்சொற்கள்: விண்ணப்பம், முறையீடு, செவியறிவுறூஉ, ரயத்துவாரி, சென்னை சுதேசி சங்கம், சித்திரவதை விசாரணைக் குழு.

முன்னுரை

ஆள்வோரிடம் மக்கள் தம் நிலையை எடுத்துரைக்கும் செயலுக்குத் தமிழில் விண்ணப்பம், மனு, முறையீடு எனப் பல சொற்கள் வழங்குகின்றன. இவற்றுள் முறையீடு என்னும் சொல் தனித்து நோக்கத்தக்கது. முறை என்பது ஒழுங்கு, நீதி, ஆட்சிநெறி ஆகிய பொருள்களைத் தருவது. எனவே முறையிடுபவர் தமக்கு நேர்ந்த இழப்பைச் சொல்வதோடு, காக்கப்பட வேண்டிய நெறியொன்று பிறழ்ந்துள்ளது என்பதையும் உடன் சொல்கிறார். குறை என்னும் சொல்லின் எல்லை இதனினும் சிறியது. அது ஒருவருக்கு அல்லது ஓர் ஊருக்கு நேர்ந்த பற்றாக்குறையைச் சுட்டுகிறது. அதனை நிரப்பிவிட்டால் குறை தீர்ந்துவிடும். நெறி மாறியதா என்னும் வினா அங்கு எழுவதில்லை.

விண்ணப்பங்களை வரலாற்றுச் சான்றுகளாகப் பயன்படுத்தும் ஆய்வுகள் பெரும்பாலும் கோரிக்கை என்ன, கிடைத்தது என்ன என்னும் இரு வினாக்களோடு நின்றுவிடுகின்றன. கோரிக்கை எந்த வடிவில் சொல்லப்பட்டது, எந்த வடிவில் கேட்கப்பட்டது என்னும் வினாக்களே திறனாய்வுக்கு உரியவை. அவ்வினாக்களின் வழி 1852ஆம் ஆண்டு விண்ணப்பத்தை அணுகுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

புறநானூற்றில் வரி குறித்த இரு குரல்கள்

வெள்ளைக்குடி நாகனார், குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவனைப் பாடிய 35ஆம் பாடலும், பிசிராந்தையார் பாண்டியன் அறிவுடை நம்பியிடம் சென்று பாடிய 184ஆம் பாடலும் பாடாண் திணையில் செவியறிவுறூஉ என்னும் துறையைச் சார்ந்தவை. அரசனின் செவிக்கு அறிவை உறுத்துதல் என்பது இத்துறையின் பொருள். கேட்பவரை முன்னிறுத்தியே இத்துறை பெயர் பெற்றிருப்பது கருதத்தக்கது.

நாகனார் சோழநாட்டின் வளத்தைப் போற்றித் தொடங்கி, அரசனின் வெண்கொற்றக் குடை வெயிலை மறைக்க ஏற்பட்டதன்று, குடிகளுக்கு நிழலாக அமைந்தது என்கிறார். போர்க்களத்தில் பெறும் வெற்றியும் உழுபடைச் சாலில் விளைந்த பயனே என்கிறார். மழை பொய்த்தாலும், விளைச்சல் குன்றினாலும், மக்களின் செயலில் இயல்பல்லாதவை தோன்றினாலும் உலகம் அரசரையே பழிக்கும் என எச்சரிக்கிறார். ஆகவே உழுகுடியைப் பேணினால் பிற குடிகளும் பேணப்படும், பகைவரும் பணிவர் என்பது அவர் வாதத்தின் முடிபாகும். இஃது ஆட்சிக்கொள்கை குறித்த பொதுவான வாதம். ஆயின் பாடலின் அடிக்குறிப்பு, புலவர் இதனைப் பாடிப் பழைய விளைநிலத்தின் மீதிருந்த கடனை நீக்கிக்கொண்டார் என்ற அளவில் நிற்கிறது. அது யாருடைய கடன் என்பதையும், அதன்பின் சோழநாட்டு வரிமுறை மாறியதா என்பதையும் அக்குறிப்பு கூறவில்லை. பாடல் முறையைப் பேசுகிறது. குறிப்பு ஒரு குறை தீர்ந்ததைப் பதிவு செய்கிறது. இப்பாடலைப் பண்டைத் தமிழரின் குடியாட்சி உணர்வுக்குச் சான்றாகக் காட்டுவோர் பாடலுக்கும் குறிப்புக்கும் இடையிலுள்ள இவ்விடைவெளியைக் கண்டுகொள்வதில்லை.

பிசிராந்தையாரின் பாடல் வரியின் அளவையும் அதைக் கொள்ளும் முறையையும் ஒருங்கே ஆராய்கிறது. முற்றிய நெல்லை அறுத்துக் கவளமாக்கிக் கொடுத்தால் ஒரு மாவுக்கும் குறைந்த நிலத்தின் விளைவே யானைக்குப் பல நாளைக்குப் போதும். அந்த யானையே தனித்து வயலுக்குள் புகுந்தால், நூறு வயல்களாயினும் வாய் கொண்டதைக் காட்டிலும் கால் கெடுத்தது மிகுதியாகும் என்னும் உவமை தமிழறிந்தோர் நன்கறிந்தது. இங்கு இரு கூறுகள் முதன்மையானவை. முதலாவது, கொள்ளும் முறை கெட்டால் கொள்ளும் அளவும் பொருளிழந்து போகிறது. இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பாடல் இடந்தரவில்லை. இரண்டாவது, தரமறியாது ஆரவாரிக்கும் சுற்றத்தைப் புலவர் கண்டித்தாலும், அச்சுற்றத்தோடு கூடிய அறிவு மெலிந்த அரசனையே எழுவாயாக வைக்கிறார். வயலை மிதித்த குற்றம் சுற்றத்தோடு முடிந்துவிடுவதில்லை.

1852ஆம் ஆண்டு விண்ணப்பத்தின் அமைப்பு

ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பட்டயம் இருபது ஆண்டுகளுக்கு ஒருமுறை நாடாளுமன்றத்தால் புதுப்பிக்கப்பட்டு வந்தது. 1833ஆம் ஆண்டுக்குப் பிறகு 1853இல் அது மீண்டும் விவாதத்திற்கு வரவிருந்தது. அவ்வாய்ப்பை முன்னிட்டுக் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களிலிருந்தும் விண்ணப்பங்கள் சென்றன. சென்னையில் இம்முயற்சியை முன்னெடுத்தவர் காசுலு லட்சுமிநரசு செட்டி (1806–1868). வணிகரான இவர் 1844இல் கிரசென்ட் என்னும் ஆங்கில இதழைத் தொடங்கியவர். 1852இல் சென்னை சுதேசி சங்கம் உருவாக முதன்மைக் காரணராக இருந்தவர்.

விண்ணப்பம் மக்களின் துன்பங்களை மூன்றாக வகுத்தது: வரியின் மிகை, அதனை வசூலிக்கும்போது நேரும் தொல்லைகள், கம்பெனி நீதிமன்றங்களின் போதாமையும் காலத்தாழ்வும் பெருஞ்செலவும். தேவைகளாகச் சாலைகள், பாலங்கள், நீர்ப்பாசனப் பணிகள், கல்வி ஆகியவற்றைச் சுட்டியது. அரசின் செலவைக் குறைக்கவும், குடிகளின் நலனுக்கு உகந்த உள்நாட்டு ஆட்சியமைப்பு ஒன்றை ஏற்படுத்தவும் வேண்டியது. மோத்தர்பா என்ற தொழில்வரி நெசவாளர், தச்சர், உலோகத் தொழிலாளர், தெருவோர வணிகர் வரை எவரையும் விட்டுவைக்கவில்லை என்றும், எளிய தொழிற்கருவிகளின் விலையைக் காட்டிலும் ஆறு மடங்காக அவ்வரி அமைவதுண்டு என்றும் அது எடுத்துக்காட்டியது.

இவ்வடுக்கில் ஓர் ஒழுங்கு புலப்படுகிறது. மிகை வரியைச் செலுத்த இயலாதவரிடம் வசூல் தொல்லையாக மாறுகிறது; தொல்லைக்கு ஆளானவர் நீதிமன்றத்தை அணுக இயலாமல் நிற்கிறார்; திரட்டிய பணமோ நீருக்கும் சாலைக்கும் கல்விக்கும் திரும்புவதில்லை; இவற்றைத் தட்டிக் கேட்கும் ஆட்சியமைப்பும் இல்லை. துன்பங்கள் ஒன்றிலிருந்து ஒன்று கிளைப்பதை இவ்வரிசை காட்டுகிறது. பிசிராந்தையார் உவமையால் இணைத்தவற்றை விண்ணப்பம் ஆட்சியியல் மொழியில் இணைத்தது எனலாம். ஆளுநரையும் வருவாய் வாரியத்தையும் கடந்து சட்டமியற்றும் மன்றத்தையே அது முன்னிலைப்படுத்தியமையும் இதனோடு பொருந்துகிறது. குறையைத் தீர்க்க அதிகாரி போதும். முறையை மாற்றச் சட்டமியற்றுவோர் தேவை.

விண்ணப்பத்தின் எல்லையும் சுட்டப்பட வேண்டும். ரயத்துவாரி உழவரின் துயரை எடுத்துரைத்தவர்கள் சென்னை நகரத்து வணிகரும் கற்றோரும் ஆவர். அது ஆங்கிலத்தில் அமைந்தது. உழவர் அதில் பேசப்படுகிறார், பேசுவதில்லை. நிலமற்ற உழைப்பாளரின் நிலை அதன் முதன்மைப் பகுப்புகளுள் தனியிடம் பெறவில்லை. இவ்வெல்லையை ஏற்றுக்கொண்டே அதன் வாதத்தை மதிப்பிட வேண்டும்.

அதிகாரம் கேட்ட விதம்

1853ஆம் ஆண்டுப் பட்டயச் சட்டம் கம்பெனியின் ஆட்சியைக் காலவரையறையின்றித் தொடரச் செய்தது. விரிவாக்கப்பட்ட சட்டமியற்றும் அவையில் இந்தியர் எவருக்கும் இடமளிக்கப்படவில்லை. ஆனால் விண்ணப்பத்தின் ஒரு கூறு மட்டும் தனித்தெடுக்கப்பட்டு வளர்ந்தது. நாடாளுமன்ற உறுப்பினர் டான்பி சீமோர் 1853இல் சென்னை மாகாணத்தில் பயணம் செய்தார். 1854 ஜூலையில் மக்களவையில் சென்னை மாகாண நிலவரி குறித்த விவாதம் நிகழ்ந்தபோது, வரி வசூலுக்காக உழவர் சித்திரவதைக்கு உள்ளாவது பேசப்பட்டது. அதன் தொடர்ச்சியாக எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் ஆகிய மூவரைக் கொண்ட விசாரணைக் குழு சென்னையில் அமைக்கப்பட்டது. குறுகிய கால இடைவெளியிலேயே 1,900க்கும் மேற்பட்ட முறையீடுகள் நேரிலும் கடிதம் வழியாகவும் அக்குழுவை வந்தடைந்தன. குழு 1855இல் தன் அறிக்கையை அளித்தது.

அறிக்கையில் ஆங்கில வாக்கியங்களுக்கிடையே இரு தமிழ்ச்சொற்கள் இடம்பெறுகின்றன. விரல்களையும் உடலுறுப்புகளையும் மரச்சட்டங்களுக்கிடையே நெரிக்கும் கிட்டி ஒன்று. ஒருவரது கழுத்தையும் கால்விரல்களையும் துணியாலோ கயிற்றாலோ பிணைத்துக் குனிந்த நிலையில் வெயிலில் நிறுத்தும் அண்ணாந்தாள் மற்றொன்று. நகரத்துக் கற்றோரின் விண்ணப்பம் தொல்லை எனப் பொதுமையில் சொன்னதை, நெடுந்தொலைவு நடந்துவந்து சாட்சியளித்தவர்கள் இச்சொற்களால் நிரப்பினர். உழவரின் சொந்தக் குரல் அரசு ஆவணத்துள் நுழைந்த இடம் இது. மொழிபெயர்க்க இயலாத அச்சொற்களை ஆங்கில அறிக்கை அப்படியே ஏற்க நேர்ந்தது.

எனினும் அறிக்கை சித்திரவதை நிகழ்ந்ததை ஏற்றுக்கொண்ட விதம் ஆராயத்தக்கது. கொடுமை புரிந்தோர் கீழ்நிலைச் சுதேசி ஊழியர் என்றும், ஐரோப்பிய அதிகாரிகளையே மக்கள் தம் காவலராகக் கருதினர் என்றும் அது முடிவு கூறியது. இம்முடிவின் முரணைக் கார்ல் மார்க்ஸ் 1857 செப்டம்பரில் நியூயார்க் டெய்லி டிரிபியூன் இதழில் எழுதிய கட்டுரையில் சுட்டிக்காட்டினார். பாதிக்கப்பட்டோர் நீதி பெறுவதில் உள்ள அரிய இடர்ப்பாட்டை அறிக்கையே ஒப்புக்கொண்டிருப்பதை அவர் எடுத்துரைத்தார். பிசிராந்தையாரின் பாடலோடு ஒப்பிட்டால் இம்முரண் மேலும் தெளிவாகிறது. புலவர் சுற்றத்தோடு அரசனையும் குற்றத்தில் சேர்த்தார். அறிக்கை சுற்றத்தைத் தனியே பிரித்து அரசை விடுவித்தது. புலவர் வரியின் அளவையும் கொள்ளும் முறையையும் பிணைத்தார். அறிக்கையின் வழியே கொள்ளும் முறையின் கொடுமை வரியின் அளவிலிருந்து பிரிந்து நின்றது. விண்ணப்பம் கோத்த சங்கிலி இவ்வாறு அறுபட்டது.

மறுப்பும் விளக்கமும்

இவ்வாசிப்புக்கு மறுப்பொன்று எழக்கூடும். 1816ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள் முதல் தாசில்தாரிடம் வருவாய், காவல் ஆகிய இரு அதிகாரங்களும் இணைந்திருந்தன. இவ்விணைப்பின் தீங்கைக் குழு சுட்டியது. 1859ஆம் ஆண்டின் 24ஆம் சட்டம் சென்னை மாகாணக் காவல்துறையைத் தனியமைப்பாக்கியது. 1855இல் நில அளவைக்கும் புதிய வரித்திட்டத்திற்கும் சென்னை அரசு முடிவெடுத்தது. ஆகவே விண்ணப்பம் முறையை மாற்றவே செய்தது என்பர்.

இம்மறுப்பில் உண்மை உண்டு. காவல் அதிகாரத்தைப் பிரித்தது அமைப்பு சார்ந்த மாற்றமே. அதனைச் சிறிதென ஒதுக்க இயலாது. ஆயினும் மாற்றத்தை முடிவு செய்யும் உரிமை யாரிடம் இருந்தது என்பது தனி வினா. விண்ணப்பித்தோர் குடிநலனுக்கு உகந்த ஆட்சியமைப்பை வேண்டினர். கிடைத்தது மேலிருந்து அளிக்கப்பட்ட சீர்திருத்தம். 1861ஆம் ஆண்டு அவைச் சட்டத்திற்குப் பிறகே நியமன உறுப்பினராக இந்தியர் சிலர் இடம்பெற்றனர். லட்சுமிநரசு செட்டியும் 1860களில் சென்னைச் சட்டமன்றத்தில் அவ்வாறே இடம்பெற்றார். விண்ணப்பித்தவர் அவைக்குள் அழைக்கப்பட்டார். அவர் யாருக்காக விண்ணப்பித்தாரோ அவ்வுழவர் வெளியிலேயே நின்றார்.

முடிவுரை

புறநானூற்றின் 35ஆம் பாடலில் பாடலுக்கும் அடிக்குறிப்புக்கும் இடையே தோன்றும் இடைவெளியும், 1852ஆம் ஆண்டு விண்ணப்பத்திற்கும் 1855ஆம் ஆண்டு அறிக்கைக்கும் இடையே தோன்றும் இடைவெளியும் வடிவில் ஒத்தவை. காலமும் ஆட்சியும் வேறாயினும், பொது வாதமாகச் சொல்லப்படுவது தனித் தீர்வாகக் கேட்கப்படுகிறது. விண்ணப்பம் தோற்றது என்றோ வென்றது என்றோ கூறுவதால் இப்போக்கு விளங்காது. சொல்லப்பட்டதில் எது செவியேறியது, எது விடுபட்டது என்று பிரித்தறிய வேண்டும். கிட்டியும் அண்ணாந்தாளும் செவியேறின. வரியின் மிகையும் ஆட்சியமைப்பும் பெரிதும் விடுபட்டன. கொடுமையைக் கேட்பது, கொடுமையை விளைவிக்கும் கொள்கையைக் கேட்பதைவிட அதிகாரத்திற்கு எளிது.

இன்று தமிழ்நாட்டின் மாவட்ட ஆட்சியர் அலுவலகங்களில் திங்கள்தோறும் நடைபெறும் கூட்டத்திற்கு மக்கள் குறைதீர்க்கும் நாள் என்றே பெயர். சட்டமன்றத்தில் மனுக்கள் குழு செயல்படுகிறது. இவ்விரு வழிகளிலும் வந்துசேரும் மனுக்களில் ஒரே பொருள் குறித்தவை எத்தனை, அவை சுட்டும் பொதுக் காரணம் யாது, அக்காரணம் கொள்கை விவாதமாக மாறியதா என்பவை விரிவான ஆய்வுக்குரியன. ஒரே குறை ஓராயிரம் மனுக்களில் திரும்பத் திரும்ப வருமாயின் அது குறையாக இராது, முறையின் பிறழ்வாகும். அதனை அவ்வாறு படிப்பதற்கு வேண்டிய அளவுகோல் செவியறிவுறூஉ மரபிலேயே உள்ளது என்பது இவ்வாய்வின் முடிபாகும்.