‘கடலில் காணாமற்போனவர்’: ஒரு பெயர்ப்பின் பொருத்தம்

இலண்டன் டவர் ஹில்லில் வணிகக் கப்பலோர்க்கு இரு நினைவிடங்கள் உள. ஒன்று முதல் உலகப்போரில் இறந்த 12,000 பேர்க்கு 1928-இல் திறக்கப்பட்ட லட்யன்சின் மண்டபம். மற்றொன்று இரண்டாம் போரின் 24,000 பேர்க்கு 1955-இல் திறக்கப்பட்ட மேஃபின் தாழ்தோட்டம். கடலன்றி இவர்க்குக் கல்லறை இல்லை என்னும் கருத்துடைய தொடர் இரண்டிலும் பொறிக்கப்பட்டுள்ளது. அதனைத் தமிழாக்குவது எளிது. அக்கருத்தையே ஆங்கிலம் ‘லாஸ்ட் அட் சீ’ எனச் சுருக்கும்போதுதான் சிக்கல் எழுகிறது.

‘கடலில் வீரமரணம் எய்தியவர்’ என்பதை உடனே விலக்கிவிடலாம். வணிகக் கப்பல் ஊழியர் படைவீரர் அல்லர். ‘கடலில் மாண்டவர்’ என்பது இறந்த இடத்தைக் கூறுமேயன்றி உடல் கிடைக்காமையைக் கூறாது. வேல்சின் நியூபோர்ட்டைச் சேர்ந்த ரேமண்ட் ஸ்டீட், ‘எம்பயர் மார்ன்’ கப்பலின் சமையற்கூடச் சிறுவன். 1943 ஏப்ரல் 26 அன்று அக்கப்பல் கடற்கண்ணியில் சிக்கியபோது இறந்தான், வயது 14. இவனும் கடலில் மாண்டவனே. ஆயின் காசாபிளாங்காவில் இவனுக்குக் கல்லறை உண்டு. டவர் ஹில் தொடர் இவனுக்குப் பொருந்தாது.

பெருவழக்காக உள்ள ‘காணாமற்போனவர்’ என்பதே கூர்ந்து நோக்கத்தக்கது. காணாமற்போன பொருள் கிடைக்கலாம். காணாமற்போன மகன் திரும்பலாம். ஆங்கிலத் தொடரோ சாவை முடிவாக ஏற்றுக்கொண்டது. ‘சிட்டி ஆஃப் பெனாரஸ்’ 1940 செப்டம்பர் 17 இரவு அட்லாண்டிக்கில் மூழ்கடிக்கப்பட்டது. அதன் 12-ஆம் உயிர்காப்புப் படகில் இருந்த 46 பேரில் பெரும்பாலோர் இந்திய லஸ்கர்கள். ஆறு சிறுவரும் இருந்தனர். எட்டு நாளுக்குப் பின்னரே அப்படகு மீட்கப்பட்டது. அதற்குள் அச்சிறுவர்தம் வீடுகளுக்கு மரணச்செய்தி போய்விட்டிருந்தது. அந்த எட்டு நாளுக்குத் தமிழின் ‘காணாமற்போனவர்’ மிகச் சரியான சொல்; டவர் ஹில் சுவரில் உள்ளோர்க்கு அது பொய்யான நம்பிக்கை. மேலும், ஈழத்தில் ‘காணாமல் ஆக்கப்பட்டோர்’ என்னும் செயப்பாட்டு வடிவம் எழுந்தபின், வினைமுதலைக் கூறாத ‘போனவர்’ நடுநிலைச் சொல்லாகவும் இல்லை.

சிக்கலின் வேர் வினையில் உள்ளது. ‘லாஸ்ட்’ என்பதில் இழந்தவர் யார் என்பது மறைந்து, இறந்தவரே எழுவாயாகிறார். தமிழில் ‘இழ’ செயப்படுபொருள் குன்றாவினை, இழந்தவரே எழுவாய். ‘இழக்கப்பட்டவர்’ இலக்கணத்திற்கு ஒக்கும், செவிக்கு ஒவ்வாது. ‘தொலைந்தவர்’ என்பதில் வசையின் சாயல் உண்டு.

எனவே பதிவேட்டிற்கு ‘உடல் மீளாது கடலில் இறந்தவர்’ என்பதே தகும். நீளம் குறையன்று. கதையிலும் வரலாற்றிலும் எழுவாயை மாற்றிவிடலாம்: ‘அவள் தன் மகனைக் கடலில் இழந்தாள்.’ மூலத்தில் அவள் இல்லையே எனத் திறனாய்வாளர் தடுக்கக்கூடும். ஆங்கில இலக்கணம் அவளை மறைக்க இடந்தருகிறது. தமிழ் இலக்கணம் தரவில்லை.