83-ம் ஸ்டீபன் ஜே கூல்டும்

'தி மிஸ்மெஷர் ஆஃப் மேன்' புத்தகத்தை முதல் தடவை படிச்சப்ப நான் கம்பெனியில் ப்ராஜெக்ட் இல்லாமல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். மண்டை ஓட்டுக்குள் கடுகைக் கொட்டி மூளை அளவு பார்த்த கதை, ஐ.க்யூ. டெஸ்டை வைத்து இனங்களைத் தரம் பிரித்த கதை என்று துப்பறியும் நாவல் மாதிரி ஓடியது. போன மாதம் ரெண்டாவது தடவை படித்தேன். இந்த முறை காரணம் அக்கா பையன்.

பையன் நாலாவது படிக்கிறான். கேரம் போர்டில் ரீபவுண்ட் கோணம் பார்த்து என்னையே தோற்கடிப்பான். 'பலகை' எழுதச் சொன்னால் 'பகலை' என்று எழுதுவான், அதுவும் அழுது முடித்த பிறகு. கற்றல் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கான பள்ளி ஒன்றில் சேர்க்கலாம் என்று அக்கா முடிவு பண்ணினாள். டெஸ்ட் எடுத்தோம். மாலின் டெஸ்ட், அதாவது வெக்ஸ்லரின் பழைய குழந்தைகள் டெஸ்டை நாக்பூரில் ஆர்தர் மாலின் இந்தியாவுக்காக மாற்றி அமைத்தது. வாய்மொழிப் பகுதியில் 72, செயல் பகுதியில் 94. ரெண்டையும் கூட்டி வகுத்து, மொத்தம் 83.

அந்தப் பள்ளியில் ரிப்போர்ட்டின் முதல் பக்கத்தை மட்டும் பார்த்தார்கள். "எங்ககிட்ட ஆவரேஜும் அதுக்கு மேலயும்தான் சார் எடுக்கிறோம்." இன்னொரு சிறப்புப் பள்ளி, மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்கானது. அங்கே, "70-க்குக் கீழ இருக்கணுமே மேடம்" என்றார்கள். அக்காவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பையனுக்கு மார்க் கூடிப்போச்சு என்று ஒரு பள்ளி திருப்பி அனுப்புவதை அவள் வாழ்க்கையில் அன்றைக்குத்தான் பார்த்தாள்.

இது ரெண்டு பள்ளிகளின் தன்னிச்சையான விதி என்று நினைத்துத்தான் தேட ஆரம்பித்தேன். அப்படி இல்லை. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் ஒன்று. அதற்குச் சான்றிதழ் தருவது எப்படி என்று 2018 ஜனவரியில் மத்திய அரசிதழில் வந்த வழிகாட்டு விதியில் வரிசை இருந்தது: முதலில் குழந்தை மருத்துவர், பிறகு ஐ.க்யூ., அது 85-க்கு மேல் இருந்தால்தான் நிம்ஹான்ஸ் உருவாக்கிய வாசிப்பு, எழுத்து, கணக்குச் சோதனைகள். எங்கள் தொழிலில் எழுதுகிற இஃப் கண்டிஷன் மாதிரியேதான். அந்த விதிப்படி 83 உள்ள பையனுக்கு வாசிக்க வருகிறதா என்ற சோதனை வரைக்கும் போகவே முடியாது. சராசரி 100, திட்ட விலக்கம் 15 என்று வைத்த மணி வளைவில் 70-க்கும் 85-க்கும் நடுவில் நூற்றுக்கு 13, 14 பேர் இருப்பார்கள். வகுப்புக்கு நாலைந்து பேர்!

இங்கேதான் கூல்ட் வருகிறார். ஐ.க்யூ. டெஸ்டின் மூதாதை பிறந்ததே ஒரு அட்மிஷன் பிரச்சினையில்தான். 1904-ல் பிரெஞ்சுக் கல்வி அமைச்சகம் ஒரு குழு போட்டது. சாதாரண வகுப்பில் ஒட்ட முடியாத பிள்ளைகளுக்குத் தனி வகுப்பு வேண்டும், ஆனால் யாரை அனுப்புவது என்பதை வாத்தியாரின் எரிச்சலுக்கு விட்டுவிடக் கூடாது. குழுவில் இருந்த ஆல்ஃபிரட் பினே, டாக்டர் தியோடர் சிமோனோடு சேர்ந்து 1905-ல் 30 கேள்விகளை வெளியிட்டார். கொளுத்திய தீக்குச்சியைக் கண் பின்தொடர்கிறதா என்பதில் தொடங்கி, அருவமான சொற்களுக்குள் வித்தியாசம் சொல்வது வரை. மதிப்பெண் என்பது ஒரு நடைமுறை வசதி, பிறவி அளவு அல்ல. பயிற்சியால் மாறும் என்றார் பினே. அசையாமல் நிற்கும் 'சிலை' விளையாட்டு மாதிரிப் பயிற்சிகளையே அதற்குப் பரிந்துரைத்தார்.

கூல்டின் கதையில் பினே நல்லவர். கெடுத்தவர்கள் அமெரிக்காவின் காடர்டும் டெர்மனும். இருபது வருடம் இதை நானும் அப்படியே நம்பினேன். இப்போது ஒத்துக்கொள்ள முடியவில்லை. பரம்பரைவாதிகள் மீதுள்ள கோபத்தில் கூல்ட் கதவைக் கவனிக்காமல் விடுகிறார். தனி வகுப்புக்கு ஒரு கதவு வைத்த உடனே, யார் உள்ளே, யார் வெளியே என்று சொல்ல ஒரு ஒற்றை எண் தேவைப்பட்டுவிட்டது. வயசுக்கு எவ்வளவு பின்தங்கினால் அனுப்பலாம் என்று கணக்குப் பார்க்கிற வழியைத் திறந்ததும் 1908-ல் பினே திருத்திய அளவுகோல்தான். அக்கா பையனைத் திருப்பி அனுப்ப எந்தப் பரம்பரைக் கொள்கையும் தேவைப்படவில்லை. அந்தப் பள்ளியில் பேசியவர் ரொம்ப நல்ல மாதிரி, காபிகூடக் கொடுத்தார்.

கூல்ட் மீது வேறு புகார்களும் உண்டு. மார்ட்டன் அளந்த மண்டை ஓடுகளை மறுபடி அளந்த ஒரு குழு, தப்பு பெரும்பாலும் கூல்டிடம்தான் என்று 2011-ல் எழுதியது. அது தனிப் பதிவுக்கான விஷயம்.

ஆனால் பினே பற்றிய பகுதியில் ஒரு சின்னப் பத்தி இருக்கிறது. முதல் வாசிப்பில் என் கண்ணிலேயே படவில்லை. கூல்ட் தன் சொந்த மகனைப் பற்றிச் சொல்கிறார். அவனுக்குக் கற்றல் குறைபாடு. ஐ.க்யூ. மாதிரி டெஸ்டுகள் அதைக் கண்டுபிடிக்க உதவின என்று, மொத்தப் புத்தகத்துக்கும் எதிராகப் போகிற மாதிரி, ஒப்புக்கொள்கிறார். மொத்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை, அது ரொம்ப உயர்ந்ததும் ரொம்பத் தாழ்ந்ததுமான மதிப்பெண்களின் கலவை, எங்கெங்கே தாழ்ந்தது என்பதுதான் பிரச்சினையைக் காட்டியது என்கிறார். நாலைந்து வரிதான். உடனே அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறார்.

எனக்குப் புத்தகத்திலேயே முக்கியமான இடம் இதுதான். அதை விரிக்காமல் விட்டது பெரிய குறை. ஹார்வர்டு பேராசிரியர் மொத்தத்தைத் தள்ளிவிட்டு உள்விவரத்தைப் படிக்கலாம். விண்ணப்பப் படிவத்தில் இருப்பது ஒரே ஒரு கட்டம். 72-க்கும் 94-க்கும் இடையே 22 புள்ளி பள்ளம்; பையனின் கதை முழுக்க அந்தப் பள்ளத்தில்தான் இருக்கிறது. சராசரி எடுத்ததும் பள்ளம் நிரவி 83 ஆகிவிட்டது. சர்வரில் ஒரு கோர் 100 சதவீதத்தில் திணறும்போது மொத்த சிபியூ சராசரியைப் பார்த்து 'எல்லாம் ஓகே' என்று சொன்னால் எந்த மேனேஜரும் விடமாட்டார்.

இன்னொன்று. வாய்மொழிப் பகுதியில் கேட்பது பொது அறிவு, சொல்வளம். வாசிக்க முடியாத பிள்ளைக்கு வருடா வருடம் இவை சேராமல் போகும் என்று கீத் ஸ்டனோவிச் 1986-லேயே எழுதினார். அதாவது எந்தக் குறைபாட்டுக்காகப் போகிறோமோ அதுவே ஐ.க்யூ.வைக் குறைக்கிறது, குறைந்த ஐ.க்யூ.வைக் காட்டி அந்தக் குறைபாடு இல்லை என்கிறார்கள். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013 கையேட்டில், ஐ.க்யூ.வுக்கும் படிப்புக்கும் இடைவெளி இருக்க வேண்டும் என்ற நிபந்தனையையே எடுத்துவிட்டது.

இதையெல்லாம் அக்காவிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிடா தம்பி, எந்த டெஸ்ட் வச்சா 86 வரும்? அதைச் சொல்லு" என்றாள். மாலின் டெஸ்டின் ஒப்பீட்டு அளவுகள் பல பத்தாண்டு பழசு. பழைய அளவுகளோடு ஒப்பிட்டால் மதிப்பெண் கூடத்தான் செய்யும், ஃப்ளின் கண்டுபிடித்தது அதுதான். புது டெஸ்ட் எடுத்தால் 83 இன்னும் இறங்கத்தான் வாய்ப்பு அதிகம். அதை அவளிடம் இன்னும் சொல்லவில்லை. அடுத்த வியாழக்கிழமைக்கு அப்பாயின்ட்மென்ட் வாங்கிவிட்டாள்.